என் பங்குப் புகைபோக்கி

விறகை ஒருபோதும் எடை பார்த்து வாங்கக் கூடாது. ஈர விறகுதான் பாரமாக இருக்கும். தண்ணீருக்குக் காசு கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து கண் எரிய ஊதிக்கொண்டிருக்க வேண்டியதுதான். இரண்டு கட்டைகளை எடுத்து ஒன்றோடொன்று தட்டிப் பார்க்க வேண்டும். காய்ந்தது கணீரென்று கேட்கும், ஈரமானது தொப்பென்று கேட்கும். இது தெரியாமல் லண்டனில் எத்தனையோ பேர் விறகு வாங்குகிறார்கள்.

நேற்று விசாரணை அறையில் இதைத்தான் முதலில் சொன்னேன். மொழிபெயர்க்க வந்த வத்சலா என்ற பிள்ளை அதை அதிகாரிக்குச் சொல்லவே இல்லை. கேட்ட கேள்விக்கு மட்டும் மறுமொழி சொல்லுங்கோ ஐயா என்றாள். பிறகு நான் ‘பங்குக்காரன்’ என்று சொன்னதை ‘பார்ட்னர்’ என்று மாற்றினாள். அதிகாரி எழுதிக்கொண்டார். எனக்கும் இறந்தவருக்கும் இடையில் ஏதோ கடை வியாபாரம் இருந்ததுபோல அவர்களுடைய காகிதத்தில் இப்போது இருக்கிறது. ஆகவே இந்த வாக்குமூலத்தை நானே தமிழில் எழுதித் தருகிறேன். நான் சாவகச்சேரியில் ஒரு நொத்தாரிசிடம் இருபத்திரண்டு வருடம் காணி உறுதிப் பத்திரம் எழுதியவன். நான் எழுதிய எல்லை பிசகென்று எந்தக் கோர்ட்டிலும் எவரும் வாதாடியதில்லை.

என் பெயர் சபாரத்தினம். வயது அறுபத்தொன்று. இறந்தவர் பெயர் தில்லையம்பலம். என் தங்கை தவநாயகியின் புருஷன், எனக்கு மச்சான். கிழக்கு லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில் நாங்கள் இரண்டு குடும்பமும் சேர்ந்து வாங்கிய வீட்டின் மேல்மாடி முன்னறையில், 1993ஆம் ஆண்டு ஜனவரி மாதம் பத்தொன்பதாம் திகதி செவ்வாய்க்கிழமை பகல், நித்திரையில் இறந்தார். அவர் ஏன் இறந்தார் என்று கேட்கிறீர்கள். நான் ஒழுங்காகச் சொல்கிறேன்.

வீடு நூறு வயதைத் தாண்டியது. 1987இல் வாங்கினோம். தனியே வாங்க எவருக்கும் வசதி இல்லை, எங்கள் ஆட்கள் அப்போது அப்படித்தான் சேர்ந்து வாங்கினார்கள். வாங்கிய கிழமையே நான் ஒரு பங்கீட்டு உறுதி எழுதினேன். கீழ்ப் பங்கு எனக்கும் என் மனைவி சிவமலருக்கும், மேற்பங்கு அவர்களுக்கு. வடக்கே தெரு, தெற்கே பின்வளவு மதில், கிழக்கும் மேற்கும் அயலவர் சுவர், மேலே எல்லை என் முன்னறைச் சீலிங். படிக்கட்டைப் பொதுவழி என்று எழுதினேன். தண்ணீர்க் குழாயை, ஊரில் பங்குக் கிணற்றுக்கு எழுதுவதுபோல, இருவருக்கும் பாத்தியதை என்று எழுதினேன். மச்சான் சிரித்துக்கொண்டு கையெழுத்து வைத்தார். லண்டன் சொலிசிற்றர் அந்தக் காகிதத்தைக் கையால் தொடவும் இல்லை. அது எனக்குப் பெரிதல்ல. கையெழுத்து வைத்தவன் கையெழுத்து வைத்தவன்தான்.

புகைபோக்கியை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டேன். எல்லா அறையிலும் சுவரோடு இருந்த கணப்பை அடைத்துப் பலகை அடித்துக் கிடந்தது. யாரும் நெருப்பு மூட்டப்போவதில்லை என்று நினைத்தேன். இருபத்திரண்டு வருடத் தொழிலில் நான் விட்ட பிழை அது ஒன்றுதான். அதற்கு நான் வருந்துகிறேன்.

நான் அவரை வெறுத்தேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை, நீங்களும் சுற்றிச் சுற்றிக் கேட்க வேண்டியதில்லை. மேல்வீட்டுக்கு அவர் போட்ட காசு அவருடைய காசல்ல. கொடிகாமத்தில் எங்கள் ஐயா தவநாயகிக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்த தென்னங்காணியை விற்ற காசு. அந்தச் சீதன உறுதியை எழுதியவனும் நான்தான். எங்கள் தேசவழமைச் சட்டப்படி சீதனம் பெண்ணின் சொத்து. அவர் அதை விற்று, தன் பெயரை முன்னுக்குப் போட்டு வீடு வாங்கி, எங்கள் ஐயாவின் காணிமேல் காலை நீட்டிக்கொண்டு ஆறு வருடம் எனக்கு நேர் மேலே படுத்திருந்தார். பாண் சுடுகிற தொழிற்சாலையில் இரவு ஷிப்ட். காலை எட்டு மணிக்குப் படுத்தால் மூன்று மணி வரைக்கும் நித்திரை. அந்த நேரத்தில் நான் கீழே தேவாரம் படித்தால் குதிக்காலால் நிலத்தில் மூன்று தரம் தட்டுவார். என் சீலிங்கிலிருந்து சுண்ணாம்பு என் தேவாரப் புத்தகத்தில் விழும்.

சிவமலருக்குக் குளிர் ஒத்துவராது. கார்த்திகை பிறந்தால் அவளுடைய விரல் நுனி வெள்ளையாகிப் பிறகு நீலமாகிவிடும், ஊசியில் நூல் கோக்க ஏலாமல் அழுவாள். காஸ் ஹீற்றரைப் போட்டால் பில்லைப் பார்த்து இரண்டு பேரும் அழ வேண்டும். 1992 புரட்டாதியில் பழைய இரும்புச் சாமான் விற்கிற ஒருவனிடம் ஒரு சின்ன வார்ப்பிரும்பு அடுப்பைக் கண்டேன். முன்பக்கம் கண்ணாடிக் கதவு, ஒரு கால் உடைந்து ஒட்டியது. விறகும் எரியும், கரியும் எரியும். விலை எனக்குக் கட்டுப்படியானது. சிவமலர் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பிள்ளையார் மாதிரி இருக்குது என்றாள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவள் அப்படி ஆசைப்பட்டு நான் கண்டதே குறைவு.

பொருத்துவதற்குக் கோலியர்ஸ் வுட்டிலிருந்து இராஜேந்திரனைக் கூப்பிட்டேன். மலேசியத் தமிழர், இந்த வேலையில் பழுத்தவர். பலகையைக் கழற்றி, உள்ளே ரோர்ச் அடித்து, கடதாசி கொளுத்திப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். உள்ளே செங்கல்லுக்கு இடையிலிருந்த சாந்தெல்லாம் உதிர்ந்துவிட்டதாம். என் அறைப் புகைபோக்கிக்கும் மேலறைப் புகைபோக்கிக்கும் நடுவில் ஒரு கல்லளவு தடுப்புத்தான், அதிலும் ஓட்டையாம். ஆகவே அடுப்பிலிருந்து கூரை உச்சி வரைக்கும் உள்ளே ஒரு இரும்புக் குழாய் இறக்க வேண்டுமாம். அந்தக் குழாய்க்கு அவர் சொன்ன விலை அடுப்பின் விலையைப்போல ஐந்து மடங்கு. சுண்டைக்காய் காற்பணம், சுமைகூலி முக்காற்பணம் என்பார்கள். அது அன்று என் வீட்டுக்கே வந்தது.

பாதிக் குழாய் போட்டால் என்ன என்று கேட்டேன்.

“அண்ணே, குழாய் பாதியில நின்னா அடுப்போட விஷக்காத்து உங்க மச்சான் ரூமுக்குள்ளதான் போகும்,” என்றார் இராஜேந்திரன். “தூங்குற மனுசனுக்கு ஒண்ணுமே தெரியாது. எந்திரிக்கவே மாட்டாரு. அந்த வேலைக்கு என்னைக் கூப்பிடாதீங்க.”

அதை ஒரு காகிதத்திலும் எழுதிக் கையெழுத்து வைத்துத் தந்துவிட்டுப் போனார். என் பெட்டியில் அந்தக் காகிதத்தை எடுத்ததாகச் சொல்கிறீர்கள். எடுத்திருப்பீர்கள். எனக்குக் காகிதம் கிழிக்கிற பழக்கம் இல்லை.

நான் அநியாயம் செய்யவில்லை. முதலில் மேலே போய் மச்சானிடம் முறையாகக் கேட்டேன். குழாயில் மேற்பாதி உங்கள் பங்குக்குள்ளால் போகிறது, அந்தப் பாதிச் செலவை நீங்கள் ஏற்க வேண்டும் என்றேன். தவநாயகி தேத்தண்ணியோடு வாசலில் நின்றாள். அவர் சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு சிரித்தார்.

“அடுப்பு உங்கடை, விறகு உங்கடை, சூடு உங்கடை. குழாய்க்கு மட்டும் நான் பங்குக்காரனோ மச்சான்?” என்றார். “என்ரை பங்குக்குள்ளாலை ஒரு குழாயும் போக ஏலாது. நீங்கள்தானே எல்லை எழுதினனீங்கள்.”

அதை எழுத்தில் தரச் சொன்னேன். தந்தார். தன் பங்குக்குள் குழாய் எதுவும் போகக் கூடாது என்று தன் கையால் எழுதிக் கையெழுத்து வைத்தார். அதுவும் அந்தப் பெட்டியில் இருக்கிறது. இரண்டு காகிதத்தையும் ஒன்றாகவே வைத்து வாசியுங்கள்.

அதன்படி நடந்தேன். குழாயை என் பங்குக்கு மட்டும் வாங்கினேன். அது எனக்குக் கட்டுப்படியானது. அளவு நாடாவைப் பிடித்து, சீலிங் மட்டத்தில் கரிக்கட்டியால் கோடு போட்டு, அந்தக் கோட்டோடு குழாயை நிறுத்தினேன். ஒரு விரற்கடை கூட அவர் பக்கம் போகவில்லை. நீங்கள் அளந்திருப்பீர்கள். அடுப்பை மூட்டிய அன்று சிவமலர் கையை நீட்டிக்கொண்டு ஒரு மணித்தியாலம் அசையாமல் இருந்தாள். விரல்கள் ரோசா நிறத்துக்கு வந்தன.

மேலே புகை மணம் போயிருக்கிறது. மச்சான் என்னிடம் வந்து சொல்லவில்லை. நேரே கவுன்சிலுக்குக் காகிதம் போட்டார். சொந்த மச்சானைப் பற்றி வெள்ளைக்காரனுக்குக் காகிதம். கவுன்சிலிலிருந்து எனக்கு மறுகாகிதம் வந்தது. இந்தப் பகுதி புகை தடைசெய்யப்பட்ட பகுதி, இப்படியான அடுப்பில் விறகு எரிக்கக் கூடாது, புகையில்லாக் கரிதான் எரிக்கலாம் என்று அதில் இருந்தது. சட்டம் என்று வந்தால் நான் மீறுகிறவன் அல்ல. மிச்ச விறகை அடுத்த வீட்டுக்காரனுக்குக் கொடுத்துவிட்டு, அன்றே புகையில்லாக் கரி மூட்டை வாங்கினேன். கறுப்பு முட்டை மாதிரி உருண்டை. சிவந்து கனியும், கண்ணுக்குப் புகையும் தெரியாது, மூக்குக்கு மணமும் தெரியாது. மச்சானுடைய முறைப்பாடு முற்றாகத் தீர்ந்தது. புகை வேண்டாம் என்று கேட்டவர் அவர்தான்.

மார்கழியில் அவருக்குத் தலையிடி தொடங்கியது. வேலையால் வந்து படுத்தால், எழும்பும்போது தலை பாறாங்கல்லாக இருக்கிறது என்றாராம், வயிற்றைப் பிரட்டிச் சத்தியும் வந்ததாம். டொக்டர், ஊரெல்லாம் காய்ச்சல், அதுதான் என்றார். ஞாயிற்றுக்கிழமைகளில் கடைக்குப் போய்வந்தால் சுகமாக இருந்தார். அதனால் தவநாயகிக்கு வேறு நினைப்பு. அவர்கள் அப்போதுதான் புதுக் கார் எடுத்திருந்தார்கள். யாரோ கண் வைத்துவிட்டார்கள், நாவூறு பட்டுவிட்டது என்றாள். நாவூறு கழிக்க நெருப்பு வேண்டும். அவளுடைய குசினியில் மின்சார அடுப்பு, அதில் மிளகாய் போட ஏலாது. அந்த வீட்டில் உண்மையான நெருப்பு என்னிடம் மட்டும்தான் இருந்தது.

தைப்பொங்கலுக்கு முந்திய செவ்வாய்க்கிழமை, பின்னேரம். மச்சானைக் கட்டிலில் இருத்தி, செத்தல் மிளகாயும் உப்பும் கையில் பொத்தி மூன்று தரம் சுற்றிக்கொண்டு கீழே வந்தாள். “அண்ணை, அடுப்புக் கதவைத் திறவுங்கோ,” என்றாள். திறந்தேன். தணலில் போட்டாள். மூடினேன். மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். எங்கள் ஆட்களுக்குத் தெரியும். மிளகாயை நெருப்பில் போட்டால் சாதாரணமாக வீடே இருமும். நெடி வராவிட்டால் நாவூறு பட்டது உண்மை, அது நெருப்போடு போய்விட்டது என்று அர்த்தம். என் அறையில் நெடி இல்லை. ஒரு துளியும் இல்லை. தவநாயகி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “பாத்தியளே அண்ணை, எவ்வளவு பெரிய நாவூறு,” என்றாள்.

அப்போது மேலே மச்சான் இருமினார். முதலில் ஒரு இருமல், பிறகு விடாமல் இருமினார், கட்டில் ஆடுகிற சத்தம் கேட்டது.

தவநாயகி, அவருக்குத் தடிமனும் இருமலும் என்றாள். சிவமலர் குசினிக்குப் போய்விட்டாள். நான் சீலிங்கைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் அடுப்பில் போட்ட மிளகாய் எனக்கு நெடிக்கவில்லை, அவருக்கு நெடித்தது. மேலறைக் கணப்பை அடைத்திருந்த பலகை அதை மறிக்கவில்லை. மிளகாய் நெடி போன வழியால் கரியின் விஷக்காற்றும் போகும். இராஜேந்திரன் காகிதத்தில் எழுதியதைத் தவநாயகி தன் கையால் எனக்குப் பரிசோதித்துக் காட்டிவிட்டாள். எப்போது எனக்குத் தெரியும் என்று நேற்று நாலு தரம் கேட்டீர்கள். அன்று பின்னேரம் நாலரை மணிக்கு எனக்குத் தெரியும்.

அவளிடம் சொன்னேன், ஒரு தரம் காணாது பிள்ளை, பெரிய நாவூறு, இன்னும் இரண்டு செவ்வாய் கழிக்க வேணும் என்று. ஓம் அண்ணை என்றாள்.

மறுநாள் நான் மச்சானுக்கு ஒரு உதவி செய்தேன். மேல்வீட்டு யன்னல் பழைய மரயன்னல், இடுக்கால் ஊதல் அடிக்கும். கடையில் யன்னல் இடுக்குக்கு ஒட்டுகிற றப்பர் நாடா வாங்கிக்கொண்டு நானே மேலே போய் ஒட்டிக் கொடுத்தேன். காய்ச்சற்காரனுக்குக் குளிர் காற்றுக் கூடாது என்றேன். ஆறு வருடத்தில் நான் அவர் அறைக்குள் கால் வைத்தது அதுதான் இரண்டாந் தரம். அவர் கட்டிலில் இருந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். “மச்சான், அண்டைக்கு நான் கதைச்சதை மனசிலை வைச்சிருக்காதேங்கோ,” என்றார். “சம்பளம் வரட்டும், குழாயைப் பற்றிக் கதைப்பம்.”

நான் நல்லது என்றேன். நாடாவை மூலை வரைக்கும் அமத்தி ஒட்டினேன். தவநாயகி படிக்கட்டில் நின்று அழுதாள், இரண்டு பேரும் ராசியாகிவிட்டோம் என்று. அவளுடைய அந்த அழுகைதான் எனக்குக் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது.

அடுத்த செவ்வாய் வந்தது. தவநாயகி காலையில் ஆசுப்பத்திரிச் சலவைக்கூடத்து வேலைக்குப் போய்விட்டாள். மச்சான் எட்டு மணிக்கு வந்து மேலே போனார், படியில் ஒருதரம் நின்று மூச்சு வாங்கினார். சிவமலரை உழுந்து வாங்கி வரச் சொல்லி ஈஸ்ற் ஹாமுக்கு அனுப்பினேன். வீட்டில் உழுந்து இருந்தது. கரியை நிரப்பினேன். கரி மெல்ல, அரைகுறையாக எரியும்படி அடுப்பின் காற்றுத் துவாரத்தைக் குறைத்து வைத்தேன். சிக்கனத்துக்கு என்று நேற்றுச் சொன்னேன், அதுவும் உண்மைதான். என் அறை யன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு கதிரையில் இருந்தேன். குளிராகத்தான் இருந்தது.

பதினொரு மணியளவில் மேலே தட்டுகிற சத்தம் கேட்டது. வழக்கம்போல மூன்று தரம். நான் தேவாரம் படித்ததற்காகச் சண்டைக்குத் தட்டுகிறார் என்று நினைத்ததாக நேற்று உங்களிடம் சொன்னேன். அது பொய். வாக்குமூலத்தில் பொய் இருக்கக் கூடாது, திருத்திக்கொள்ளுங்கள். அன்று நான் தேவாரம் படிக்கவில்லை. சண்டைக்கு என்றால் அவர் சுண்ணாம்பு விழத் தட்டுவார். அன்று சுண்ணாம்பு விழவில்லை. அது கட்டிலால் இறங்க ஏலாத மனுசன் கையால் தட்டிய சத்தம். கொஞ்சம் பொறுத்து இன்னும் ஒரு தரம் தட்டினார். படிக்கட்டுப் பதின்மூன்று படி, பொதுவழி, அதில் ஏற எனக்கு முழுப் பாத்தியதையும் உண்டு. நான் ஏறவில்லை. எழுந்துபோய் அடுப்புக் கதவைத் திறந்து, இன்னும் ஒரு அகப்பை கரி போட்டேன்.

செத்தவீட்டில் தவநாயகி என் கையைப் பிடித்துக்கொண்டு, “அண்ணை, மூண்டு செவ்வாயும் கழிச்சிருந்தா அவர் இருந்திருப்பாரோ?” என்று கேட்டாள். இருந்திருப்பார் என்றேன். அவளுக்கு விளங்குகிற மறுமொழி அதுதான்.

நான் செய்தது இவ்வளவும்தான். எதையும் மறைக்கவில்லை. என்னுடைய எல்லையை நான் தாண்டவில்லை என்பதை மட்டும் அதிகாரி குறித்துக்கொள்ள வேண்டும். சிவமலருக்கு இன்னும் குளிர் காலம் முடியவில்லை. அடுப்பை நீங்கள் முத்திரை வைத்துப் பூட்டியிருக்கிறீர்கள், அதை அவளுக்குத் திருப்பிக் கொடுங்கள். இராஜேந்திரனைக் கூப்பிட்டால் குழாயை இனி உச்சி வரைக்கும் ஒழுங்காக இறக்குவார். மேலே மறுப்புச் சொல்ல ஆளில்லை.

கடைசியாக ஒன்று. தவநாயகி இனித் தனியாக அந்த மேல்வீட்டில் இருக்க மாட்டாள், விற்கத்தான் நினைப்பாள். அப்படி விற்பதானால், தேசவழமைப்படி அவள் முதலில் பங்குக்காரனாகிய என்னிடம்தான் கேட்க வேண்டும், நான் வேண்டாம் என்றால்தான் பிறத்தியாருக்குக் கொடுக்கலாம். அதற்கு என் விருப்பத்தை இதன்மூலம் அறிவிக்கிறேன். வத்சலா பிள்ளை, தயவுசெய்து இந்த இடத்திலாவது ‘பார்ட்னர்’ என்று போட்டுவிடாதே.